ஒரு சாண் குறைச்சல்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன், நாள் கிழமையும் நினைவில் நிற்பதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயம் என் தம்பி மகளைப் பற்றியது. அவளுக்குப் பேஸ்கட்பால் போட வந்ததா, வரவில்லையா என்பதைப் பற்றியது.

ராயபுரத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கிற கிரவுண்டைப் பெருக்குவது என் வேலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் மெயின் ரோட்டில் வரிசையாக நிற்கும். அவை கிளப்புகிற புழுதி முழுவதும் வந்து பேஸ்கட்பால் தரையில்தான் படியும். அதன்மேல் ஓடினால் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். அதனால் விடிகிற நேரத்துக்கெல்லாம் துடைப்பத்தோடு போய்விடுவேன். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு இருக்கிறேன். தம்பி காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவன். அவன் பெண்டாட்டி மீன் விற்கிறாள். ஒரே பெண்.

அந்தப் பெண் வளர்ந்தாள் பாருங்கள், பதினோராம் வகுப்பு சேர்ந்தபோது குனிந்துதான் வீட்டுக்குள் வருவாள். அவள் உயரம் பாதி காரணம்; மீதி எங்கள் தெரு. மழைக்கு மழை தெருவை ஏற்றி ஏற்றிப் போட்டதில் எங்கள் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போவோம், இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறோம். எங்கள் பக்கம் தரை ஏறுவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

கிரவுண்டில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் உயரத்தைப் பார்த்துத்தான் அவளை டீமில் சேர்த்தார். நன்றாக ஓடுவாள், எகிறிப் பந்தைப் பிடிப்பாள். ரிங்கில் போடச் சொன்னால் மட்டும் பந்து போர்டில் மோதி எங்கேயோ போகும். மற்ற பெண்கள், “இன்னாடி, காக்கா ஓட்றியா?” என்று சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்பாள்.

பிளஸ் டூ முடித்ததும் ஒரு கல்லூரியில் விளையாட்டுக்காகவே இடம் கொடுப்பார்கள், படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கான செலக்‌ஷனில் கோட்டில் நிற்கவைத்து இருபது பந்து போடச் சொல்வார்களாம். பாதியாவது உள்ளே விழவேண்டும். கிடைத்தால் படிப்பு. கிடைக்காவிட்டால் இறால் உரிக்கிற கம்பெனி. தம்பி அங்கே பேசியும் வைத்திருந்தான்.

மாஸ்டர் தம்பியிடம் நேராகவே சொன்னார்.

“பொண்ணுக்கு உசரம் கீது, ஓட்டம் கீது. கைதான் இல்லப்பா. ஷூட்டிங்கெல்லாம் பொறப்புல வர்ணும்.”

தம்பிக்கு மூக்குமேல் கோபம். “இன்னா மாஸ்டரு பேசுற? மொத மொத நான் வீச்சுவல போட்டப்போ வல சுருண்டு என் கால்லயே வுழுந்துச்சி. எங்கப்பன் கரையில குந்திகினு கெக்கெக்கேன்னு சிரிச்சான். இப்போ வட்டமா வுழல? வீசி வீசித்தான் வுழும்.”

“வல வேற, பால் வேற நைனா.”

“ரெண்டும் கைதான?”

மாஸ்டர் சிரித்துவிட்டார். “சரி, போடட்டும். தெனம் எரநூறு போடட்டும். அடிமேல அடி அடிச்சா அம்மியும் நகரும்பாங்களே, பாப்போம்.”

அந்த வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். விளையாட்டு தெரிந்தவர், ஒரு கணக்கு இல்லாமலா சொல்வார் என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவளும் என்னோடு வந்தாள். நான் அரைத் தரையைப் பெருக்கிக் கொடுப்பேன், அவள் அதில் நின்று போடுவாள். ஓடுகிற பந்தைப் பொறுக்கிப் போடுவது நான். முதல் வாரம் இருபதுக்கு இரண்டு விழுந்தது. விரல் கணுக்களில்தான் எண்ணுவேன். இரண்டோடு நின்ற நாளெல்லாம் கட்டைவிரல் அங்கேயே குந்திக்கொண்டிருக்கும், அவள் பார்த்துவிடப் போகிறாளே என்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வேன். அம்மாவோடு மீன் கழுவிவிட்டு வரும் நாளில் பந்து வழுக்கும். எலுமிச்சைத் தோலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாள். முழங்கையை உள்ளே வை, மணிக்கட்டை மடக்கு என்று மாஸ்டர் எப்போதாவது வந்து சொல்வார். நான் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லுவேன், அர்த்தம் தெரியாமலேயே.

இரண்டு மூன்றானது. மூன்றிலேயே மாதக்கணக்கில் நின்றது. பிறகு ஐந்து. மழைக்காலம் வருவதற்கு முன் ஏழு வந்துவிட்டது. ஏழு விழுந்த அன்று அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள், என் செருப்பு எங்கேயோ போய் விழுந்தது.

அந்த வருஷ மழையில் கிரவுண்டு முழங்கால் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு தரை வெடித்துப்போயிருந்தது. இடித்து எடுக்காமல் அதன் மேலேயே ஜல்லி கொட்டி கான்கிரீட் போட்டார்கள். மேஸ்திரிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அவர் மாஸ்டரைக் கேட்டார், “தர ஒரு சாண் ஏறுது சார். கம்பத்தயும் எடுத்து ஏத்தி நட்டுடலாமா?”

மாஸ்டர், “அத்த நோண்டினா ஒரு மாசம் இழுக்கும். அடுத்த வாரம் மேட்ச் வச்சிகீறேன். நீ போட்டுகினு போ, அப்பால பாத்துக்கலாம்” என்றார்.

நான் சொம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னிடம் கேட்டால், எங்கள் வாசலில் நடக்காததா? தரை ஏறினால் ஏறிவிட்டுப் போகிறது.

புதுத் தரையில் முதல் நாளே ஒன்பது விழுந்தது. ஒரு மாதத்தில் பன்னிரண்டு. பிறகு பதினான்குக்குக் குறைந்து நான் பார்த்ததேயில்லை. காக்கா ஓட்டுகிறாயா என்ற பெண்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். ரிங்குக்கும் போர்டுக்கும் நடுவில் சில நேரம் பந்து மாட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் துடைப்பக் கழியோடு எம்பி எம்பிக் குதிப்பேன், எட்டாது. இப்போது நின்ற இடத்திலிருந்தே தட்டிவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அத்தே, இந்த வயசுல வளந்துகினே போறியே!” நானும் சிரித்தேன். இரண்டு பேருக்கும் புத்தி அவ்வளவுதான்.

வெளி மேட்சுகளில் மாஸ்டர் அவளை ரிங்கடியில் பந்து பிடிக்க மட்டும்தான் நிறுத்துவார், தூரத்திலிருந்து போட விடமாட்டார். ஏனென்று நாங்கள் கேட்கவில்லை. செலக்‌ஷனுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மாஸ்டரின் அண்ணன் மகளும் அதற்குப் போகிறாள் என்று தெரிந்தது. அவளையும் இன்னும் மூன்று பெண்களையும் தினமும் வேறொரு பள்ளிக்கூடத்துக் கிரவுண்டுக்கு அழைத்துப் போனார். எங்கள் பெண்ணும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“நீ இன்னாத்துக்கு? நீதான் செட்டாயிட்டியே. எடம் மாத்துனா கை கலைஞ்சிடும். இங்கயே போடு” என்றார்.

அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. வீட்டுக்குப் போகிற வழியில் பழ வண்டிக்காரரிடம் கூடச் சொன்னேன், யாரிடமும் வாய்விட்டுப் பேசாதவள் நான்.

செலக்‌ஷன் அன்று துணைக்கு நான்தான் போனேன். பஸ்ஸில் அவள் முழங்கை ஆடிக்கொண்டே இருந்தது, காற்றிலேயே போட்டுப் பார்த்துக்கொண்டு. கல்லூரியில் பெற்றவர்களை வலைக்கம்பிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவள் முறை வந்தது. முதல் பந்து ரிங்கின் முன்விளிம்பில் மோதித் திரும்பியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். எல்லாம் நேராகத்தான் போயிற்று, எட்டவில்லை, அவ்வளவுதான். ஏழெட்டுக்குப் பிறகு அவள் பலமாகத் தூக்கி எறிய ஆரம்பித்தாள், அது போர்டுக்கு மேலே போயிற்று. பக்கத்தில் யாரோ ஓர் அம்மா “பாவம், புதுசு போல” என்றாள். மொத்தம் நான்கு விழுந்தது. மாஸ்டரின் அண்ணன் மகளுக்குப் பதினொன்று.

வெளியே வந்தவள் அழவில்லை. “அத்தே, அந்த ரிங்கு உசரமா கீது” என்றாள்.

அங்கே நின்ற ஒரு சார் காதில் அது விழுந்துவிட்டது. “ரிங் எங்க போனாலும் பத்தடிதாம்மா” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அதைச் சொன்னதும் அன்று சாயங்காலமே தம்பி படகுக்கு வேண்டிய கயிறு ஒன்றை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு வந்தான். அதன் நுனியில் ஈயக்குண்டு கட்டியிருக்கும். கடலில் ஆழம் பார்க்க அதைத்தான் விடுவார்கள். குண்டு தரை தொட்டதும் கயிறு தளரும், அது கைக்குத் தெரியும். படகு கட்டுகிறவரிடம் டேப் வாங்கிக் குண்டிலிருந்து பத்தடி அளந்து ஒரு முடிச்சுப் போட்டிருந்தான். கம்பத்தில் ஏறி முடிச்சை ரிங்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குண்டை விட்டான். குண்டு தரையில் படுத்தது. கயிறு தளர்ந்து அதன்மேல் சுருண்டது. நான் குனிந்து சுருண்டதை விரலால் அளந்தேன். ஒரு சாண்.

“யக்கா, எவ்ளோ?” என்று மேலேயிருந்து கேட்டான்.  கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாணைக் காட்டினேன்.

மேஸ்திரி கேட்டதும் மாஸ்டர் சொன்னதும் அந்த நிமிஷம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதைத் தம்பியிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மாஸ்டர் வந்தபோது நானே போனேன். அவள் எனக்குப் பின்னால் வந்தது தெரியாது.

“சார்… கம்பத்த ஏத்தவே இல்லியே சார்.”

“எந்தக் கம்பம் ஆயா?”

“குண்டு வுட்டுப் பாத்தோம். ஒரு சாண் கொறையுது.”

விசில் கயிற்றை விரலில் சுற்றினார். பிறகு சாதாரணமாகவே சொன்னார். “தோ பாரு ஆயா. அந்தப் பொண்ணுக்குக் கை கெடையாதுன்னு அன்னிக்கே சொன்னன். உன் தம்பிதான் வல, கிலன்னு பேசினான். கீழ கீற ரிங்குல போட்டா இன்னா, ரெண்டு வருசம் சந்தோசமா ஆடுனா இல்ல? அத்த நெனச்சிக்க.”

ஏழு விழுந்ததே சார், பழைய தரையில், பத்தடியில், ஏழு விழுந்ததே என்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்ணை விட்டுவிட்டு உன் அண்ணன் மகளை ஏன் வேறு கிரவுண்டுக்கு அழைத்துப் போனாய் என்று கேட்க வேண்டும்.  நான் வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “மேஸ்திரி கேக்கும்போது நீயும் பக்கத்துலதான சொம்பு தூக்கிகினு நின்ன? உனக்குத் தெரியாதா? அப்பவே சொல்லியிருக்கலாமே.”

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவள் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டில், “நீ அங்க இருந்தியா அத்தே?” என்றாள்.

“இருந்தேன் கண்ணு. புரியல எனக்கு. தர ஏறுதுன்னு மட்டுந்தான் காதுல வுழுந்துச்சி…”

“அப்போ நான் நெசமாவே கத்துக்கினேனா, இல்ல ரிங்குதான் எறங்கி வந்துச்சா?”

நான் பதில் சொல்வதற்குள் எழுந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவாள், கேட்டால் பதில் சொல்வாள், அத்தே என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள். இப்போது இறால் கம்பெனிக்குப் போகிறாள். மாஸ்டரை நினைத்தால் வயிறு எரிகிறது. பத்தடியில் ஏழு விழுந்துகொண்டிருந்ததை அவர் ஒன்றரை வருஷம் தாழ்ந்த ரிங்கில் வைத்து நான்காக்கிவிட்டார். ஆனால் அவர் யாரோ. அவள் நம்பியது என்னை. பந்து பொறுக்கிய கை என்னுடையது.

தினமும் வேலை முடிந்ததும் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கிரவுண்டில் போய்ப் போடுகிறாளாம். தம்பிதான் சொன்னான். எத்தனை விழுகிறது என்று அவனும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் இன்னொரு கல்லூரியில் செலக்‌ஷன் இருக்கிறதாம். நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதில் தப்பு இருக்கும். வருஷம், மாதம் எல்லாம் முன்பின் ஆகியிருக்கும். பத்தடி என்பது எல்லா ஊரிலும் பத்தடிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்று. செலக்‌ஷனில் நான்கு விழுந்தது என்று எழுதியிருக்கிறேன். பதினாறாவதோ பதினேழாவதோ போட்டபோது பந்து ரிங்கின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது, அந்த நேரம் ஒருவர் குறுக்கே வந்து நின்றுவிட்டார், உள்ளே போனதா வெளியே போனதா நான் பார்க்கவில்லை. விழாததாகவே எண்ணிவிட்டேன். அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அது விழுந்ததா என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம், அவளிடம்.