பழைய வருடங்களைக் குளிராக்கியவள்

மும்பை மாதுங்காவில் எங்கள் தமிழ் மன்றம் ஆண்டுக்கொரு பட்டிமன்றம் நடத்தும். அந்தக் கோடையில் தலைப்பு, ‘நாட்டின் வெப்பநிலைப் பதிவுகள்: நம்பலாமா, நம்பக் கூடாதா?’ தொலைக்காட்சியில் அப்போது தினமும் இந்தச் சண்டைதான். இதுவரை இல்லாத வெயில் என்று ஒருவர் சொல்வார். பழைய எண்களைத் திருத்தித்தான் அப்படிக் காட்டுகிறார்கள் என்று இன்னொருவர் மேசையைத் தட்டுவார். மூன்றாமவர் இருவரையும் தேசத்துரோகி என்பார்.

மன்றம் என்னைக் கூப்பிட்டதற்கு என் வேலைதான் காரணம். செம்பூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். பல ஊர்களின் பழைய வெப்பநிலைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, தவறுகளைத் தேடி, தேவையானால் திருத்தி அனுப்புவோம். நாங்கள் அனுப்புவது நாடு முழுவதற்குமான ஒரு தொகுப்பில் போய்ச் சேரும். டிவியில் ‘எண்களைத் திருத்துகிறார்கள்’ என்று கத்துகிறார்களே, அந்தத் ‘திருத்துகிறவர்களில்’ நானும் ஒருத்தி.

செயலாளர் போன் செய்தார். “நம்பலாம் சைடு ஃபுல்லாயிடுச்சும்மா. எதிர் சைடுல ஒரு சீட் காலியா இருக்கு.”

“சார், நான் அந்த வேலைதான் செய்றேன். நம்பக் கூடாதுன்னு எப்படிப் பேசுறது?”

“பட்டிமன்றம்தானம்மா. போன வருஷம் மாமியார் கொடுமை பத்திப் பேசி ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினவருக்கு இன்னும் கல்யாணமே ஆகல.”

சரி என்றேன். ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் ஒப்பந்தத்தில் இருந்தேன். நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த மாதக் கடைசியில் முடிவாக இருந்தது. அலுவலக விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்றும் வேலையில் சேரும்போதே சொல்லியிருந்தார்கள். பொதுவாகப் பேசினால் போதும், எந்த ஊர், எந்தக் கோப்பு என்று வாயே திறக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டால்தான் யோசிக்க வரும். பதிவுகள் எங்கெல்லாம் தவறலாம் என்று எழுதினேன்:

ஒன்று, கருவி மாறும்.
இரண்டு, இடம் மாறும். வயலுக்கு நடுவில் இருந்தது கட்டடங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும்.
மூன்று, பார்க்கும் நேரம் மாறும். காலையில் குறித்துக்கொண்டிருந்தவர்கள் மாலைக்கு மாறுவார்கள்.
நான்கு, திருத்துகிறவர் தவறலாம்.

முதல் மூன்றுக்கும் உதாரணம் தயாராக இருந்தது. நான்காவதுக்கு ஒன்று வேண்டும் என்று என் சொந்தக் கோப்புகளைத் திறந்தேன். ஓர் ஊரின் பதிவில், ஒரு ஏப்ரலில் இருந்து அளவுகள் அரை டிகிரி கீழே விழுந்திருந்தன. சுற்றியிருந்த ஊர்களில் அந்தச் சரிவு இல்லை. வெப்பமானியை நிழலான இடத்துக்கு மாற்றியிருப்பார்கள் என்று ஊகித்து, புதிய அளவுகளோடு பொருந்தும்படி அந்த ஏப்ரலுக்கு முந்தைய எல்லா வருடங்களையும் அரை டிகிரி குறைத்திருந்தேன். கணக்கு சரி. ஆனால் ‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. இடம் மாறியதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

டிவிக்காரர் மேசையைத் தட்டிச் சொல்கிறாரே, அதையேதான் செய்திருக்கிறேன். என் அணிக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. கோப்பை மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, தாராவியிலிருந்து அம்மாவும் நானும் நடந்தே மாதுங்கா போனோம். அம்மாவுக்குத் தலைப்பு புரிந்தது, என் கட்சிதான் புரியவில்லை.

“ஏட்டி, நீ பாக்குற வேலைய நம்பாதீங்கன்னு நீயே மைக்ல சொல்லப் போறியா?”

“போட்டிம்மா.”

“என்னமோ, பேசுறதப் பேசிட்டு எறங்கிரு. வேலைக்கே உலை வச்சிராத.”

மண்டபத்தில் மின்விசிறிகளை மீறிய கூட்டம். என் அணியில் முலுண்டிலிருந்து வந்த ஒரு தம்பி இருந்தான், வங்கியில் வேலை. தமிழ் பேசுவான், படிக்கத் தடுமாறுவான். அதனால் பேச்சை முழுவதும் இந்தி எழுத்தில் எழுதி வைத்திருந்தான். “அக்கா, அவங்ககிட்ட சயின்டிஸ்ட் இருக்காரு. நம்மகிட்ட என்ன இருக்கு? பகவான் பரோசேதான், கடவுள் விட்ட வழி” என்று காகிதத்தால் விசிறிக்கொண்டான்.

அவன் சொன்ன சயின்டிஸ்ட் டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதிரணித் தலைவர். நடுவர் ஆரம்பித்தார்: “எங்க வீட்ல ஏசி ரிமோட் வீட்டம்மா கையிலதான். இருபத்தெட்டுதான்யா இருக்குன்னு சொல்வாங்க. எனக்கு வேர்த்து ஊத்தும். ஆனா நம்புவேன். நம்பலைன்னா எனக்குச் சாப்பாடு எங்க?” கூட்டம் சிரித்து அடங்கியது.

டிராம்பேக்காரர் எழுந்தார். காகிதம் இல்லாமல் பேசினார், நன்றாகவே பேசினார். “வீட்டுக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டுன்னு தெரியும். மனசுக்குள்ள அஞ்சு நிமிஷம் கழிச்சுக்கிட்டுத்தான் ட்ரெயினுக்கு ஓடுறோம். அது மோசடியா? அது பேருதாங்க திருத்தம்!” கைதட்டல். முன்வரிசையில் அம்மாவும் தட்டினாள். எதிரணிக்கு!

அடுத்து நான். முதல் மூன்று காரணங்களையும் வரிசையாகச் சொன்னேன். ஒருவர் கொட்டாவி விட்டார். நடுவர் மணியைப் பார்த்தார். எனக்குள் ஏதோ எகிறியது.

“ஐயா கடிகாரம் சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டுன்னு இன்னைக்குத் தெரியுது. எப்போ இருந்து ஃபாஸ்ட்டு? நேத்துல இருந்தா? பத்து வருஷமாவா? அது தெரியாம, பொறந்த நாள்ல இருந்து எல்லா நாள்லயும் அஞ்சு நிமிஷத்தைக் கழிச்சா, அதுக்குப் பேர் என்னங்கய்யா?”

கொட்டாவி விட்டவர் நிமிர்ந்தார். நான் நிறுத்தவில்லை. ஓர் ஊரில் ஓர் ஏப்ரலில் விழுந்த அரை டிகிரியைச் சொன்னேன். “அதுக்கு முன்னாடி இருந்த வருஷங்களை எல்லாம் குளிராக்கிட்டாங்க. ஏன்னு எழுதவே இல்ல. காரணம்கிற கட்டம் காலி!”

டிராம்பேக்காரர் கையைத் தூக்கினார். “நடுவர் அவர்களே, ஒரே கேள்வி. ஆக்கிட்டாங்கன்னா யாரு? டிவிக்காரன் மாதிரி ‘ஆக்கிட்டாங்க, மாத்திட்டாங்க’ன்னா எப்படிம்மா? ஆளைச் சொல்லு!”

கூட்டம் ‘ஓ’ என்றது. எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தெரியாது என்று சிரித்துவிட்டு உட்காரலாம், இல்லை உள்ளதைச் சொல்லலாம். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“நான்தான் ஐயா” என்றேன்.

மண்டபம் வெடித்தது. முலுண்ட் தம்பி நாற்காலியில் ஏறி விசிலடித்தான். நடுவர் மைக்கைத் தட்டித் தட்டி ஓய்ந்தார். பயமும் இருந்தது, ஆனால் பயத்தை விட மகிழ்ச்சி அதிகமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

தீர்ப்பு இப்படி வந்தது: “திருத்தின பொண்ணே மேடையேறி நம்பாதீங்கன்னு சொன்னதுக்கு அப்புறம் நான் யாருங்க நம்பறதுக்கு? நம்பக் கூடாது!”

வென்றுவிட்டேன், நான் நம்பாத ஒரு கட்சிக்காக.

திங்கட்கிழமை காலை நான் பையைக் கீழே வைப்பதற்குள் மேலாளர் கூப்பிட்டார். மூன்று தலைமுறையாக மாதுங்காவில் இருக்கும் குடும்பம் அவருடையது. போனை என் பக்கம் திருப்பினார். இருபது விநாடிக் காணொளி. ‘வருஷங்களை எல்லாம் குளிராக்கிட்டாங்க’, வெட்டு, ‘நான்தான் ஐயா’, விசில். கீழே சிவப்பு எழுத்தில், ‘மோசடி அம்பலம்!’

“எங்காத்து குரூப்ல மட்டும் மூணு பேர் அனுப்பிட்டா” என்றார். “க்ளையன்ட் பார்த்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? உன் கன்ஃபர்மேஷன் பேப்பர் என் டேபிள்ல இருக்கு. பட்டிமன்றத்துக்காக வேடிக்கையாச் சொன்னதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. முடிஞ்சுது.”

“வேடிக்கை இல்ல சார். நிஜம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?”

“என் ஃபைல்ல இதையும் சேர்த்துப் பதினொண்ணு சார். நேத்து ராத்திரியே லிஸ்ட் போட்டுட்டேன்.”

“லிஸ்ட் வேற போட்டிருக்கியா!”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. ஒவ்வொண்ணுக்கும் காரணம் கண்டுபிடிக்கிறேன். கிடைக்காததுல திருத்தத்தை எடுத்துட்டுப் பழைய நம்பரையே வச்சுடறேன்.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை. அதுக்குள்ள க்ளையன்ட் கூப்பிட்டா, நான் உன்னைக் காப்பாத்த மாட்டேன்” என்றார்.

அந்த நான்கு நாள்களைப் போல நான் எப்போதும் வேலை செய்ததில்லை. பதிவேடுகளின் படங்களில் எண்களை மட்டுமே பார்த்துப் பழகியவள், இப்போது ஓரங்களைப் பார்த்தேன். பென்சில் குறிப்புகள், அடித்தல்கள், ‘கருவி உடைந்தது’, ‘புதியது வந்தது’. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் பட்டியலில் கோடு போடுவேன். புதன்கிழமைக்குள் எட்டுக்குக் காரணம் கிடைத்தது. இரண்டுக்குக் கிடைக்கவில்லை, அவற்றின் திருத்தத்தை நீக்கினேன். மிச்சம் அந்த ஒன்று. மேடையில் சொன்னது. அதன் படங்களில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஊர் நிலையத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் இந்தியில் பேசினார். அந்தக் கால நோட்டு அலமாரியில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று பார்க்கிறேன் என்றார். ஒரு மணி நேரம் கழித்து போனில் ஒரு படம் வந்தது. மஞ்சளான பக்கம், அந்த ஏப்ரல், ஓரத்தில் ஒரே வரி: பெட்டிக்கு வெள்ளை அடிக்கப்பட்டது.

நான் கத்திவிட்டேன்.

வெப்பமானிகளைத் திறந்த வெயிலில் வைப்பதில்லை. காற்றுப் போக இடைவெளி விட்ட மரப்பெட்டிக்குள் வைப்பார்கள். பெட்டிக்கு வெள்ளை அடித்திருக்கும், வெயிலைத் திருப்பி அனுப்ப. அந்த ஊரில் பல வருடங்களாக அதை யாரும் கவனிக்கவில்லை. சாயம் உரிய உரிய, மரம் கருக்க, பெட்டி உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறியிருக்கிறது. புதிதாக வெள்ளை அடித்ததும் அளவு சட்டென்று அரை டிகிரி இறங்கிவிட்டது. கருவி இடம் மாறவே இல்லை!

மேலாளர் ஓடி வந்தார். “என்ன ஆச்சு? க்ளையன்டா?”

“இல்ல சார், பெயின்ட்!” படத்தைக் காட்டினேன். “அரை டிகிரி தப்பு இருந்தது நிஜம். ஆனா பெயின்ட் உரிஞ்ச கடைசி சில வருஷத்துக்கு மட்டும்தான். அதுவும் படிப்படியா. அதுக்கு முன்னாடி பெட்டி நல்லாத்தான் இருந்திருக்கு. நான் அந்த நல்ல வருஷங்களையும் சேர்த்துக் குளிராக்கிட்டேன்.”

“அப்போ நீ பண்ணினது தப்பு.”

“பாதித் தப்பு சார்.”

“பாதித் தப்புக்கா இந்தக் கத்து கத்தறே?”

ஆமாம், அதற்குத்தான். கடிகாரம் எப்போதிருந்து ஃபாஸ்ட் என்று நான் மேடையில் கோபத்தில் கேட்ட கேள்விக்கு ஒரு மஞ்சள் காகிதம் பதில் சொல்லிவிட்டது. நல்ல வருடங்களுக்கு அவற்றின் சூட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சாயம் உரிந்த வருடங்களை மட்டும் படிப்படியாகக் குறைத்தேன். அந்த ஊரின் வெப்பநிலைக் கோட்டை மறுபடி வரைந்தோம். அது இப்போதும் மேலேதான் ஏறியது, முன்பு நான் வரைந்த அளவு செங்குத்தாக இல்லை. டிவிக்காரர் சொன்னதும் முழுக்கச் சரியில்லை, நான் அனுப்பியதும் முழுக்கச் சரியில்லை. மேலாளர் திரையின் அருகே குனிந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை க்ளையன்ட் கூப்பிடுவதற்கு முன்னால் நாங்களே கூப்பிட்டோம். பதினொன்றும், காரணங்களும், எடுத்துவிட்ட இரண்டும், வெள்ளையடித்த பெட்டியின் படமும் ஒரே கடிதத்தில் போயின. ‘என் தவறு’ என்று நான் எழுதியிருந்தேன். மேலாளர் அதை அழித்து ‘எங்கள் தவறு’ என்று அடித்துவிட்டு, தானே அனுப்பினார். என் நிரந்தரம் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு எழுந்து நின்று, அறை முழுவதும் கேட்கும்படி கேட்டார்: “யார் யார் ஃபைல்ல காரணம் காலியா இருக்கு? பொய் சொல்லாம கையைத் தூக்குங்கோ.”

ஜன்னலோரம் மெல்ல ஒரு கை எழுந்தது. அடுத்து இன்னொன்று. அச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து, பாதி மட்டும் தூக்கிய ஒரு கை. மேலாளர் தயங்கித் தயங்கித் தன் கையையும் தூக்கினார். நான் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டுக்கொண்டு, “மொதல்ல பதிவேட்டோட ஓரத்தைப் பாரு” என்றேன்.