சென்னம்மாள் டீச்சரும் பன்னிரண்டு மணி நிழலும்

காலை எட்டே காலுக்குச் சென்னம்மாள் டீச்சர் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்கிறார். கண்டக்டர் காரணம் கேட்பதில்லை. கொல்லிமலையில் செம்மேட்டிலிருந்து எடப்புளி நாடு என்ற மலைக்கிராமப் பகுதிக்குப் போகும் அந்த ரோட்டில், மதகுச் சுவரின் கிழக்கு மூலையில் மட்டும்தான் செல்போனுக்கு இரண்டு கோடு சிக்னல் வரும். டீச்சர் பையைச் சுவரில் வைத்துவிட்டு, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த பாட வீடியோக்கள் இறங்கி முடியப் பத்து நிமிடமாகும். அதற்குள் அந்த வழியாகப் போகிறவர்கள், மழையைப் பற்றிக் கேட்பது போல, "சிக்னல் கெடச்சுதுங்களா டீச்சர்?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

வயது ஐம்பத்தொன்று. இதே மலையில் சாமை விதைத்த வீட்டுப் பெண். முதல் வேலை இந்தப் பள்ளியில்தான்; நடுவில் இரண்டு பள்ளிகளுக்கு மாறிப் போய், மறுபடி இங்கேயே வந்து சேர்ந்துவிட்டார். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் அவருடையவை. போனும் சாக்பீஸும் ஒரே பையில் கிடப்பதால் அவர் எடுத்து ஃபேஸ்புக்கில் போடும் பாட வீடியோக்களில் எப்போதும் ஒரு வெண்புகை படர்ந்திருக்கும். "கொல்லிமலைப் பனி அழகு டீச்சர்" என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவார்கள். அவரும் மறுப்பதில்லை.

வீடியோவில் பிள்ளைகளின் கைகள் மட்டுமே தெரியும், முகம் வராது. "புள்ளைங்க மூஞ்சியக் கொண்டுபோயி சந்தையில வெக்கறதுக்கா?" என்பார். டைப் அடிக்க ஒரே ஒரு விரல். அது சலித்துவிட்டால் குரல் பதிவு. அதையும் நாமக்கல்லுக்கே நேராகக் கேட்கட்டும் என்பது போல உரக்கப் பேசி அனுப்புவார்.

முன்பெல்லாம் ஒரு பாடம் பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்றால் யாரிடம் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. பயிற்சி எப்போதோ வரும், அதற்கும் மலை இறங்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் குழுவில் சேர்ந்ததும், மணி பார்க்க எப்படிச் சொல்லித் தருவது என்று கேட்டார். ஒரே நாளில் நாற்பது பதில். அன்றிலிருந்து கூச்சம் விட்டுப்போயிற்று. "தெரியாதத கேட்டா வாயா தேஞ்சிரும்?" என்பது அடிக்கடி அவர் வாயில் வரும் பேச்சு.

அப்படிப்பட்டவருக்குத் தெரிந்த பாடத்தில்தான் அடி விழுந்தது.

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, பள்ளி முற்றத்தில் நின்று அவர் ஒரு வீடியோ எடுத்தார். "பன்னெண்டு மணிக்குச் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேரா நிக்கும். நெழலு காலடியில ஒளிஞ்சுக்கும் கண்ணுங்களா!" இருபத்தேழு வருடமாகச் சொல்லி வந்த வாக்கியம். சனிக்கிழமை அதை ஃபேஸ்புக்கில் போட்டார். அவருக்குப் பின்னால் கொடிக்கம்பத்தின் நிழல் இரண்டு முழ நீளத்துக்குத் தெற்கே சாய்ந்து கிடந்ததை அவர் கவனிக்கவில்லை. பார்த்தவர்கள் கவனித்தார்கள்.

யாரோ ஒருவர் அந்த நிழலைச் சிவப்பு வட்டமிட்டு, 'டீச்சர் கண்ணுக்கு மட்டும் தெரியாத நிழல்' என்று எழுதிப் பரப்பிவிட்டார். திங்கட்கிழமை மதகில் நின்று போனைத் திறந்தபோது முந்நூறு பேர் சிரித்திருந்தார்கள். டீச்சர் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கம்பம் ஒவ்வொரு முறையும் நிழலோடுதான் நின்றது. அழித்துவிடலாமா என்று கட்டைவிரல் இரண்டு தரம் போய்த் திரும்பியது. இருபத்தேழு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் இதை எழுதி மார்க் வாங்கியிருப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

பள்ளிக்குப் போனால் வாசலில் யுவராஜ் நின்றிருந்தார். மிளகுத் தோட்டக்காரர். அவர் மகள் கலைச்செல்வி ஐந்தாம் வகுப்பு.

"ஏனுங்க டீச்சர், டி.சி. கேட்டு வந்தனுங்க. புள்ளயச் செம்மேட்டுல சேத்தலாம்னு..."

"அந்த வீடியோ பாத்தியா யுவராசு?"

அவர் தரையைப் பார்த்தார். "மில்லுல வேல செய்யற மச்சான் அனுப்பிச்சானுங்க. அதுகூடப் பரவால்லீங்க. நானும் உங்ககிட்ட இதயேதான படிச்சேன்? அப்ப மத்ததெல்லாம் சரியா தப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதினெட்டே பிள்ளைகள் படிக்கும் பள்ளி அது. ஒருவர் போனால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள். "தப்புதான் சாமி" என்றார் டீச்சர். "ஆகஸ்டு முடியட்டும். அதுக்கப்பறமும் வேணும்னா நானே எழுதித் தாரேன்."

ஆகஸ்டு என்று ஏன் சொன்னார் என்பது அவருக்கே தெரியாது. ஏதோ அவகாசம் வேண்டியிருந்தது. அன்று மாலை மதகில் நின்று, ஒற்றை விரலால், குழுவில் எழுதினார்: 'நான் சொன்னது தப்பு. கம்பத்தைத் தினமும் பார்க்கிறேன், நிழலைப் பார்த்ததில்லை. சரியானதை யாராவது சொல்லித் தாருங்கள்.'

முதலில் கூப்பிட்டது காமிலா. அடிவாரத்து ஊரில் அறிவியல் ஆசிரியை. குழுவில் பழக்கமே தவிர நேரில் பார்த்ததில்லை.

"அக்கா, அத அழிச்சிராதீங்க. நானும் மொத வருஷம் இப்படித்தாங்க சொல்லிக் குடுத்தேன். நம்ம பக்கம் நெழலு சுத்தமா காணாமப் போறது வருஷத்துக்கு ரெண்டே நாளுதான். ஏப்ரல்ல ஒண்ணு, ஆகஸ்டு இருவத்தி மூணு வாக்குல ஒண்ணு. அதுவும் பன்னெண்டு மணிக்கில்ல, பன்னெண்டு இருவதுக்கு, அப்பத்தான் நம்ம ஊருக்கு உச்சி. ஒரு கோலு நட்டுத் தெனமும் புள்ளைங்கள அளக்கச் சொல்லுங்க."

வாய் தவறிச் சொன்ன ஆகஸ்டு அதே மாதமாக அமைந்ததில் டீச்சர் மதகுச் சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கி, ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டார்கள். தினமும் பன்னிரண்டு இருபதுக்கு நிழலின் மேல் நூல் வைத்து அளவு. ஜூலையில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. ஆகஸ்டு முதல் வாரம் ஐந்து விரற்கடை. பிறகு இரண்டு. நூலைப் பிடித்த சின்னக் கைகளை டீச்சர் படமெடுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். கேலி செய்தவர்களில் சிலர் 'இன்றைக்கு எவ்வளவு டீச்சர்?' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

பதினெட்டாம் தேதி மேகம் மூடியது. ஐந்து நாள் கோலும் இல்லை நூலும் இல்லை, தூறல்தான். இருபத்து மூன்றாம் தேதி காலை குழுவில் இருநூறு பேர் காத்திருந்தார்கள். பள்ளியில் சிக்னல் கிடையாது. அவர்களுக்கு நேரடியாகக் காட்ட வழியில்லை. பதினொன்றரைக்கும் வானம் சாம்பல் நிறம். பன்னிரண்டு மணிக்கு யுவராஜ் வந்து வேலியோரம் நின்றார். டீச்சர் அவரைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு பதினெட்டுக்கு மேகம் விலகியது. முற்றத்தில் சுள்ளென்று வெயில் விழுந்தது. கோல் தனியாக நின்றது. கலைச்செல்வி முட்டிபோட்டு அதைச் சுற்றி வந்து, மண்ணைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: "டீச்சர், நெழலக் காணோமுங்க!"

பதினெட்டுப் பிள்ளைகளும் போட்ட கூச்சலில் பக்கத்துப் பலா மரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. டீச்சர் வெறும் மண்ணில் கால் நீட்டி உட்கார்ந்து சிரித்தார். படமெடுக்க வேண்டும் என்பதே கடைசி நிமிடத்தில்தான் நினைவுக்கு வந்தது.

யுவராஜ் வேலியைத் தாண்டி உள்ளே வந்து கோலின் அடியில் குனிந்து பார்த்தார். டி.சி. பேச்சையே எடுக்கவில்லை. "நாளைக்கும் இப்படியே இருக்குமுங்களா டீச்சர்? ஊட்டுல இருக்கறவங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும்."

"சூரியன் தெக்க நகருது, நாளையிலிருந்து நெழலு வடக்கால விழும்னு நெனைக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன் யுவராசு."

விழுந்தது.

பழைய வீடியோவை அவர் நீக்கவில்லை. நிழலில்லாத கோலின் புதிய வீடியோ அதன் கீழேயே இருக்கிறது. இரண்டையும் வகுப்பில் காட்டுவதாக வேறு ஊர்களிலிருந்து ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். சிவப்பு வட்டம் போட்டவர் மட்டும் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. டீச்சரும் அதை எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை.

போன வாரம் நிலாவைப் பற்றி ஒரு வீடியோ எடுத்தார். முடித்ததும் போனைக் கலைச்செல்வியிடம் நீட்டி, "பாரு கண்ணு, எங்காச்சும் ஒதைக்குதா?" என்றார்.

அவள் கடைசி வரை பார்த்துவிட்டு யோசித்தாள். "நிலா ராத்திரியிலதான் வரும்னு சொல்றீங்களே டீச்சர். நேத்துக் காத்தால நான் பல்லு வெளக்கறப்ப மேல இருந்துச்சுங்களே?"

சென்னம்மாள் டீச்சர் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்து, "எத்தன மணிக்குக் கண்ணு?" என்று கேட்டபடி பேனாவின் மூடியைக் கழற்றினார்.