ஊதிப்போன ஆயில் சீல்

தோழிகளே, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள்.

எங்கள் நிட்டிங் மெஷினுக்கு வாங்கிய புது ஆயில் சீலில், அதான் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தில், அழுக்கு இருந்தது. பனியன் கறை எடுக்கும் மருந்தில் ஊறவைத்துத் துடைத்து அப்பாவிடம் கொடுத்தேன்.

இன்று எண்ணெய் ஒழுகி வெள்ளைத் துணியெல்லாம் பாழ்.

"சீல் மாட்டத் தெரியாதாடா உனக்கு?" என்று அப்பா, மெஷினைப் பழுது பார்க்கும் பிட்டர் செல்வம் அண்ணனைத் திட்டினார்.

"சரியாத்தான் மாட்டுனேன் மொதலாளி."

கழற்றிய சீலைத் தொட்டுப் பார்த்தேன். மருந்தைக் குடித்த ரப்பர் ஊதிக் கொழகொழவென்று இருந்தது. அதை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அண்ணனை இனி வரவேண்டாம் என்று அப்பா அனுப்பிவிட்டார்.

வகுப்பில் கெமிஸ்ட்ரியில் முதல் மார்க் நான்தான், சிரிக்காதீர்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? யாராவது சொல்லுங்கள்.

கதவு தட்டும் சத்தம். அப்பா.

"கண்ணு, வேற சீலு வாங்கியாந்துட்டேன். போன தடவ மாதிரியே தொடச்சுக் குடு சாமி."