குகைக்குள் விழுந்த அடி

வேல்ஸில் உள்ள அந்தச் சுண்ணாம்புக்கல் குகையைப் பார்க்க மூன்று பேர் போனோம். நான், என் கணவர், அவருடைய அக்காவான என் மச்சாள். லண்டன் இல்ஃபோர்டிலிருந்து விடியவே கார் எடுத்தோம். வழியில் ஒரு திருப்பத்தை நான் பிந்திச் சொல்லிவிட்டேன். அதற்காக டிக்கெட் வரிசையில் கணவர் என் காதருகே குனிந்து, "வீட்ட வா, பாக்கிறன் உன்னை" என்றார்.

அவர் அடிப்பதை மச்சாளிடம் முன்பே சொல்லியிருந்தேன். கை கன்றிப்போயிருந்ததைக் காட்டியும் இருந்தேன். "தம்பி அப்பிடிச் செய்யிற ஆளில்லை. நீர்தான் அவனைக் கிண்டுறீர்" என்றுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

நிலத்தடி ஓடையை ஒட்டிப் போன பாதை அருவியடியில் முடிந்தது. பாறை வெடிப்பிலிருந்து தண்ணீர் காது அடைக்கும்படி கொட்டியது. வழிகாட்டிப் பெண், முழு இருட்டு எப்படியிருக்கும் என்று காட்டப்போவதாகக் கத்திச் சொல்லி விளக்குகளை அணைத்தாள்.

இருட்டில் கணவருக்குப் பக்கத்தில் நிற்க எனக்குப் பயம். மெல்லப் பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பாதையோரத் தடுப்புக் கம்பியைப் பிடிப்பதற்காக, நான் விட்டு நகர்ந்த இடத்துக்கு மச்சாள் வந்தது எனக்கும் கணவருக்கும் தெரியவில்லை. அருவிச் சத்தத்தையும் மீறி ஓர் அலறல் கேட்டது.

விளக்கு எரிந்தபோது மச்சாளின் உதடு பிளந்து, இரத்தம் நாடியால் வழிந்துகொண்டிருந்தது. கணவரின் கை குத்துவதற்குப் பொத்தியபடியே இருந்தது.

"ஐயோ அக்கா, நீங்களெண்டு தெரியாது!"

"அப்ப ஆரெண்டு நினைச்சு அடிச்சனி?"

கணவரின் கண் சுவரோடு நின்ற என் பக்கம் போனது. மச்சாள், குகை வாசலில் தந்த ஹெல்மெட்டைத் தலையிலிருந்து கழற்றி அவர் முகத்தில் ஓங்கி அடித்தார். மறுபடியும் அடித்தார். மூக்கு உடைந்து அவர் ஈரத்தரையில் முழங்காலில் விழுந்தார். யாரோ ஒருவர் மச்சாளைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. இரக்கம் வரவில்லை. இத்தனை வருடம் என்மீது விழுந்தவை எதுவும் இவர்களுக்கு அடியாகத் தெரியவில்லையே என்ற ஆத்திரம்தான் வந்தது.

வெளியே பொலிஸ் வந்தது. "இவர் அடிப்பது இதுதான் முதல் தடவையா?" என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார். நான் வாயெடுக்கும் முன்பே, வீங்கிய உதட்டோடு மச்சாள், "இல்லை" என்றார்.

மச்சாளிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, கணவரை அவர்கள் கூட்டிப்போனார்கள். மச்சாள் கார் ஓட்டி, ஈஸ்ட் ஹாமில் தன் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோனார். வழியெல்லாம் அழுதார். தனியாக ஓர் அறை கிடைக்கும்வரை அங்கேதான் இருந்தேன். மச்சாளை மன்னிக்க எனக்கு இன்னும் ஏலவில்லை.