கழுத்தடிக்கு ஏறிய ஈயம்

அடையாற்றுப் பாலத்தை விட்டு மயிலாப்பூர்ப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னாலிருந்து மேஸ்திரி கூப்பிட்டார். திரும்பவில்லை. யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. அதற்கு முன் ஏழெட்டு ஊர், ஏழெட்டு வேலை. விட்டுப்போவது எனக்குப் பழக்கம்தான். அன்று போனது மட்டும் வேறு மாதிரி.

பாலத்தின் தூண்களை நீருக்கடியில் பார்த்துச் சொல்லும் கான்ட்ராக்ட். இறங்குகிறவன் ஆரோக்கியம், சாந்தோம்காரன், வாத்தியார் மகன். நான் அவனுக்கு டிரஸ் மாட்டுகிறவன். ரப்பர் உடுப்பு, ஈய பூட்ஸ், பித்தளைத் தொப்பி, கடைசியில் மார்புக்கும் முதுகுக்கும் ஒவ்வோர் ஈயக்கட்டி. மேலே படகிலிருந்து பம்பு அடித்து உடுப்புக்குள் காற்று அனுப்புவார்கள். அதனால் ஈயம் இல்லாவிட்டால் ஆள் முங்கமாட்டான். இடம் தவறிக் கட்டினால் முங்குவான், நேராக நிற்கமாட்டான்.

நீச்சலில் அவன் எனக்குக் கால்தூசி. ஆனால் கீழே பார்த்ததை இன்ஜினியருக்கு இங்கிலீஷில் எழுதித் தரவேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்புவரை. ஊரூர்க் குப்பத்து மீன்காரிகள் பாலத்தில் கூடையை இறக்கிவைத்து, "தொப்பிக்காரன் எறங்கறான்டீ!" என்று வேடிக்கை பார்ப்பார்கள். கட்டிவிட்டவனை யார் பார்ப்பார்கள்? சாப்பாட்டு வேளையில் அந்த ஈயத்தை நானே மாட்டி நிற்பேன். எனக்குக் கச்சிதமாக உட்காரும் இடத்தில் கயிற்றில் சிவப்பு நூல் சுற்றியிருந்தேன்.

அன்று காலை இன்ஜினியர் ஆரோக்கியத்துடன் கை குலுக்கினார். நான் சிவப்பு நூல் அளவிலேயே கட்டினேன். அவன் என்னைவிட ஒரு சாண் உயரம்.

"அண்ணே, ஈயம் கழுத்தாண்ட கீது. கொஞ்சம் எறக்கிக் கட்டேன்."

"இன்னா, ஈயம் கட்றதுக்கும் இங்கிலீஷ் படிக்கணுமா? எல்லாம் சரியா கீது, எறங்கு."

தொப்பியின் கண்ணாடியைத் திருகினேன். ஈயம் சரியென்றால் கட்டினவன் தொப்பியில் இரண்டு தட்டு தட்டவேண்டும். அதன் பிறகுதான் இறங்குகிறவன் படகின் ஏணியை விடுவான். தட்டினேன்.

தூணின் அடியைப் பார்க்க அவன் குனிந்திருக்கிறான். கனமெல்லாம் தலைப்பக்கம் போக, காற்று காலுக்கு ஏறிவிட்டது. இரண்டு பூட்ஸும் தண்ணீருக்கு மேலே வந்தன.

"தொப்பிக்காரன் குட்டிக்கரணம் போட்றான்டீ!" பாலமே சிரித்தது. ஒரு நொடி எனக்கும் இனித்தது.

"டேய், குதிடா! செத்துடுவான்!" என்று மேஸ்திரி கத்தினார்.

குதித்தேன். கயிற்றை அறுத்து ஈயத்தைத் தள்ளிவிட்டு அவனைப் படகுக்கு இழுத்துவந்தேன். கண்ணாடியைக் கழற்றினால் மூக்கெல்லாம் ரத்தம்.

"இன்னா ஆச்சு நைனா?" என்றார் மேஸ்திரி.

"நான்தான் ரொம்பக் குனிஞ்சிட்டேன். அண்ணன் நல்லாத்தான் கட்னாரு."

பழியைக்கூட அவனே எடுத்துக்கொண்டான். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

"பொய் சொல்றான் மேஸ்திரி. எறக்கிக் கட்டச் சொன்னான். நான் கட்டல" என்று சொல்லிவிட்டுக் கரையேறி நடந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஈயம் எங்கே உறுத்துகிறது என்று கட்டுகிறவனுக்குத் தெரியாது, சுமக்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் சொன்னால் அவிழ்த்துக் கட்டுங்கள். ஆரோக்கியத்தின் மேல் எனக்குப் பொறாமை இன்றும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் இதைச் சொல்கிறேன்.

மறுநாள் காலை மயிலாப்பூர்க் கால்வாயில் விறகுப் படகில் பாரம் ஏற்றும் வேலை கிடைத்தது. பத்துக் கட்டை அடுக்கியதும் நிறுத்தினேன்.

"படகு எப்டி நிக்குது, சொல்லுங்க" என்றேன்.

கழி பிடித்திருந்த படகுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாபா, ஏத்தறவன் என்னைக் கேக்கற? பின்னால கொஞ்சம் தாழுது."

இறக்கி, முன்னால் அடுக்கினேன்.