பெட்டி தின்ற வெங்காயம்

பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொல்லி முடிந்த நேரத்தில்தான் செய்தி வந்தது. ஹவ்வா கொட்டில் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, காய்ந்த வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். போனில் கணவன் நௌஃபரின் பெயர் வந்தது. "எலிப்பொறி கெடச்சதா?" என்றுதான் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

மறுபக்கத்தில் பழக்கமில்லாத ஓர் இளைஞனின் குரல். முந்தலில் இருந்து கதைப்பதாகவும், நௌஃபர் நானாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் போய்விட்டதாகவும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னான். கொஞ்சம் ஏலாமல் போனவரைப் பற்றிச் சொல்கிறவன் அப்படி மூச்சு வாங்க மாட்டான். ஹவ்வா கையிலிருந்த பிடியைக் கட்டி முடித்து, கம்பில் தொங்கவிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அந்தப் பிடியை ஏன் அப்படியே போட்டுவிட்டு ஓடவில்லை என்று பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவர்கள் ஊரான மாம்புரியின் பள்ளியில் ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு ஹவ்வாவின் மூத்த சகோதரன் றிஸ்கான் எழுந்து நின்று, மௌத்தான நௌஃபர் யாருக்காவது ஏதும் கொடுக்க வேண்டியிருந்தால் தன்னிடம் வந்து சொல்லும்படியும், இல்லாவிட்டால் மன்னித்து ஹலாலாக்கிவிடும்படியும் வழக்கம்போல் கேட்டுக்கொண்டான். ஊரில் யாரும் வரவில்லை. நௌஃபர் அப்படிப்பட்ட மனிதன். செருப்பு வார் அறுந்தால் கம்பியால் கட்டிப் போடுவான். பாண் வாங்கினால் மீதிச் சில்லறையை எண்ணாமல் சட்டைப் பையில் போடமாட்டான். அப்படிப்பட்டவன் எலிப்பொறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முந்தலில் ஒரு போன் பழுது பார்க்கும் கடையில், டீவியில் இணைத்து விளையாடும் தன் கேம் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துச் சரிந்தான் என்பதை ஹவ்வாவால் விழுங்க முடியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் வடக்கைவிட்டு வெளியேற்றப்பட்டபோது மன்னாரில் இருந்து வள்ளத்தில் வந்திறங்கிய பிள்ளைகளில் நௌஃபரும் ஒருவன். வந்த கையோடு அவன் வாப்பா இங்கே வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நின்றார். நௌஃபரும் பின்னால் அந்த மண்ணைக் குத்தகைக்கு எடுத்து, பிறகு சொந்தமாக்கிக்கொண்டு, மணலில் வெங்காயம் போட்டான். தம்புள்ளைச் சந்தைக்கு அப்பால் அவன் போனதில்லை. ஆனால் எதையும் துருவித் துருவிக் கேட்பான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மீன் வாடிக்காரர் என்றால் ஐஸ் எப்படி உடைக்கிறார்கள் என்று கேட்பான். ஐயர் என்றால் கோயில் மணியை யார் வார்க்கிறார்கள் என்று கேட்பான். ஹவ்வாவுக்கு அது வெட்கமாக இருக்கும்.

கேம் பெட்டியும் அப்படி ஒரு கேள்வியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. டோஹாவில் இருந்து திரும்பிய ஒருவன் அதை விற்கிறான் என்று கேள்விப்பட்டு, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் வாங்கிக்கொண்டு வந்தான். நௌஃபர் எதையும் ரூபாயில் யோசிக்க மாட்டான், வெங்காயத்தில்தான் யோசிப்பான். ஐந்து அந்தர், கால் தொன் வெங்காயத்துக்குக் கிடைத்தது, நல்ல மலிவு என்றான். வாங்குவதோடு செலவு முடிந்தது என்று அன்றைக்கு இருவருமே நினைத்தார்கள்.

முதலில் கடல்காற்று அதைத் தின்றது. முன்கூடத்தில், ஜன்னல் பக்கமாக வைத்திருந்தார்கள். ஒரு வருடம் போவதற்குள் வயர் செருகும் துளைகளில் பச்சை பூத்துவிட்டது. கருவாட்டைச் சுற்றி வைக்கிற மாதிரி அதைப் பொலித்தீனில் சுற்றி வைக்கச் சொன்னவள் ஹவ்வாதான். ஈரக்காற்று படாத கருவாடு போலப் பெட்டியும் பத்திரமாக இருக்கும் என்று நம்பினார்கள். சுற்றியபடியே போட்டு விளையாடியதில் அது உள்ளுக்குள் வெந்துபோனது. புத்தளத்தில் யாரோ ஒருவர் சரிசெய்து கொடுத்தார். பிறகு கரண்ட் ஏறி இறங்கியதில் ஒரு பாகம் கருகியது. அதற்குப் பிறகு மின்னழுத்தத்தைச் சீராக்க ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. பெட்டிக்கு ஒரு பெட்டி. ஜொய்ஸ்டிக்கின் ரப்பர் வியர்வையில் பிசுபிசுத்து உரிந்தது. இதற்கெல்லாம் நடுவில் உரம் கிடைக்காத வருடமும் வந்து போனது.

ஒருநாள் ஹவ்வாவின் பொறுமை அறுந்தது. "இனி இதுக்கு ஒரு சதம் போனாலும் நான் உம்மா ஊட்டுக்குப் போயிருவன்," என்றாள். நௌஃபர் அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்னான், "வல்லாஹி, இதுக்கு இனி ஒரு சதம் காசு குடுக்க மாட்டன்."

அதற்குப் பிறகு பெட்டி வெங்காயக் கொட்டிலுக்குப் போனது. இரண்டு பக்கமும் வலை, மேலே கிடுகு; ஈரம் தங்காமல் காற்று ஊடறுத்துப் போகும். வெங்காயம் அழுகாத இடத்தில் இதுவும் அழுகாது என்றான். ஒரு பழைய டீவியையும் கொண்டுபோய் வைத்தான். மஃரிபுக்குப் பிறகு கொட்டிலில் இருந்து இஞ்சின் சத்தம் கேட்கும். கார் ஓட்டுகிறான் என்று ஹவ்வா நினைத்துக்கொள்வாள். ஒரு தரம் வந்து பார் என்று அவன் கூப்பிட்டிருக்கிறான். அவள் போனதில்லை.

கணவன் மௌத்தான பின் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இத்தாவில் இருக்கிற பெண்ணுக்கு யோசிப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும். வெள்ளைச் சேலையும், அறையும், திரையும், வந்து போகும் பெண்களின் கதையும். ஹவ்வாவுக்குள் ஒரே ஒரு கேள்விதான் அரித்துக்கொண்டிருந்தது. ஆணையிட்டவன் அதை முறித்துவிட்டா மௌத்தானான்? முறித்திருந்தால் கப்ஃபாரா கொடுக்க வேண்டும், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. அதைவிட, அவன் தன்னிடம் பொய் சொல்லிக்கொண்டே இத்தனை காலம் வாழ்ந்தானா என்பது தெரிய வேண்டும்.

றிஸ்கானுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. "ஏழு வருஷம் சும்மா ஓடுமா அது? அது திண்ட காசுக்கு ரெண்டு கொழாய்க்கிணறு அடிச்சிரிக்கலாம். கடைசில ஆளையும் திண்டிட்டு," என்றான்.

அந்த வார முடிவில் இந்துஜன் வந்தான். உடப்பு ஊர்ப் பையன், முந்தலில் கடை வைத்திருப்பவன், அன்றைக்குப் போனில் கதைத்தவன். பெட்டியைத் துவாயில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வேற்று ஆண் முன்னால் ஹவ்வா வர முடியாது என்பதால் அறை வாசலில் திரையை இழுத்துவிட்டு, மகள் நிஃப்லாவை நடுவில் நிற்க வைத்தார்கள். றிஸ்கான் முன்கூடத்துக் கதிரையில் உட்கார்ந்திருந்தான். கேள்வி திரைக்குள்ளிருந்து வரும், நிஃப்லா அதைத் திருப்பிச் சொல்வாள், இந்துஜனுக்கு முதல் தரமே கேட்டிருக்கும். இரண்டு கேள்விக்குப் பிறகு நிஃப்லா, நீங்களே கதைத்துக்கொள்ளுங்கள் என்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பெட்டியைத் திறந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று இந்துஜன் முதலில் சொன்னான். காற்றாடி முழுக்க வெங்காயச் சருகு. மீன் செதில் மாதிரி, ஊதா நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நானா இதோடு வருவார், கொட்டிலில் வைக்காதீர்கள் என்று சொன்னால், கடல்காற்றை விடச் சருகு பரவாயில்லை, சருகை ஊதிவிடலாம், உப்பை ஊத ஏலாது என்பார்.

"எவ்வளவு எடுத்த நீங்க, ஒவ்வொரு தடவையும்?" திரைக்குள்ளிருந்து ஹவ்வா கேட்டாள்.

"காசா, அக்கா?"

"ஓம், காசு."

"காசு தந்ததே இல்லையே." இந்துஜன் றிஸ்கானை ஒரு தரம் பார்த்தான். "வெங்காயம்தான் தருவார். ரெண்டு பிடி, மூணு பிடி. விலை கூடின காலத்தில ஒரு பிடியோட வந்து, இண்டைக்கு இதே பெரிய காசுடா எண்டு சிரிப்பார். அம்மா ரெண்டு தரம் கேட்டிட்டா, அந்த மாம்புரி வெங்காயக்காரர் எப்ப வருவார் எண்டு."

ஹவ்வா கேட்டாள், "அண்டைக்கும் கொண்டு வந்தாங்களா?"

"ஓம். ஸ்கூட்டர் சீட்டுக்குக் கீழ ஒளிச்சு வச்சிருந்தார்."

நிஃப்லாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். கொட்டிலில் பிடிபிடியாக வெங்காயம் காணாமல் போய்க்கொண்டிருந்தது ஹவ்வாவின் வீட்டில் நெடுங்காலத் துயரம். எலி என்றுதான் முடிவு கட்டியிருந்தாள். தாளோடு, கட்டோடு, ஒரு வெங்காயம்கூடச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு போகிற எலி. அதற்காகப் பொறி வைத்தார்கள், மருந்து வைத்தார்கள், கற்பிட்டியில் இருந்து ஒரு பூனையைக்கூடக் கொண்டுவந்தார்கள். பொறி வாங்கப் போகும் வேலையை எப்போதும் நௌஃபர்தான் ஏற்றுக்கொள்வான். வாங்கிய பொறி சரியில்லை என்று திரும்பவும் போவான். கொட்டிலுக்குள் குனிந்து தேங்காய்த் துண்டைப் பொறியில் செருகிவிட்டு, "பொல்லாத எலி புள்ள இது, கெட்டிக்கார எலி," என்று அவளிடம் சொல்வான்.

திரைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்து றிஸ்கான் எழுந்தான். அது சிரிப்பு. இத்தாவில் இருக்கிறவள் சிரிப்பது அந்த வீட்டுக்குப் புதிது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டும் அது நிற்கவில்லை. முடிவில் அழுகையில்தான் போய் நின்றது. இந்துஜன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"வெங்காயமும் காசுதானே," என்றான் றிஸ்கான்.

"அவங்க சொன்னது சதம், நானா. சதம் குடுக்கல," என்றாள் ஹவ்வா.

"அது கள்ள ஞாயம்."

"ஓம். அவங்கட ஞாயம் அப்படித்தான்."

றிஸ்கான் விடவில்லை. மௌலவியிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும், அல்லாஹ்விடம் சதமும் வெங்காயமும் என்று வாதாட ஏலாது என்றான். ஹவ்வா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள், ஆனால் எப்படியும் பத்துப் பேருக்குச் சாப்பாடு கொடுத்துவிடுவோம், ஆணை முறியாவிட்டால் அது ஸதகாவாக, தர்மமாகப் போகட்டும் என்றாள். கறிக்கு வெங்காயம் கூடப் போடச் சொன்னாள். பெட்டியை விற்றுவிடலாமா என்று றிஸ்கான் கேட்டதற்கு மட்டும், பிறகு சொல்கிறேன் என்றாள்.

இந்துஜன் புறப்படும்போதுதான் அவள் மற்றதையும் கேட்டாள். அவர் கார் ஓட்டி என்னத்தைக் கண்டார்?

இந்துஜன் திகைத்துப்போனான். "காரா? நானா தோட்டம் செஞ்சவர், அக்கா. அது உழவு விளையாட்டு. ட்ராக்டர் ஓடி, விதைச்சு, வெட்டி எடுக்கிறது. பனி கொட்டுற ஊரு. அந்த மண்ணில அவங்க என்னத்தப் போடுறாங்க எண்டு பாக்கணும் எண்டுதான் தொடங்கினவராம்."

பகல் முழுக்க மணலில் குனிந்து வெங்காயம் போட்டவன், பொழுது பட்டதும் போய் இன்னொரு நாட்டில் கமம் செய்திருக்கிறான். ஹவ்வா அதை நெடுநேரம் மனதில் புரட்டிப் பார்த்தாள். வீட்டில் யாருக்கும் சொல்லாமல், உரம் கிடைக்காத வருடத்திலும், விலை விழுந்த வருடத்திலும், அவன் அங்கே போய் விதைத்துவிட்டு வந்திருக்கிறான். கூலிக்காக இல்லை, கடனுக்காக இல்லை. அங்கே என்ன விளையும் என்று தெரிந்துகொள்வதற்காக.

இந்துஜன் போன பிறகு, கம்பில் தொங்கிய பிடிகளில் நல்லதாக மூன்றைத் தெரிந்தெடுத்து உடப்புக்கு அனுப்பச் சொன்னாள். பெட்டி விற்பனைக்கு இல்லை என்று றிஸ்கானுக்கும் சொல்லிவிட்டாள். இனி அது தின்னப்போவதையும் யோசித்துத்தான் சொன்னாள்.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு நிஃப்லா பெட்டியை முன்கூடத்து டீவியில் இணைத்தாள். வெள்ளை வானம். கறுப்பு மண். தூரத்தில் மரங்களின் மேல் பனி. வயலின் நடுவில் ஒரு சிவப்பு ட்ராக்டர். ஹவ்வா ஜொய்ஸ்டிக்கை மடியில் வைத்து, உரிந்த ரப்பரைத் தடவிப் பார்த்தாள். எந்தப் பட்டனை அழுத்தினால் ஓடும் என்று மகளிடம் கேட்டாள். ஓடியது. நேராகப் போனது. திருப்பத் தெரியாமல் வேலியில் போய் முட்டி நின்றது.

நௌஃபர் அந்த வயலைக் கிழக்கிலிருந்து உழுதுகொண்டு வந்திருக்கிறான். மேற்கு ஓரத்தில் கொஞ்சச் சால்கள் இன்னும் உழாமல் இருக்கின்றன.