படையல் வடையும் எங்கள் பந்தியும்

சபைக் கமிட்டியின் அந்தத் தீர்மானத்தை எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி யாரையெல்லாம் திட்டப்போகிறேனோ, அந்த வரிசையில் எனக்கும் ஓர் இடம் போட்டுவைத்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே உள்ளே வந்தால் எங்கள் ஊர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெரு. சபை இருப்பதும் இங்கேதான். அந்தப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களின் தெரு. எங்கள் அப்பன் பாட்டனெல்லாம் அவர்கள் கொல்லையில் கரும்பு வெட்டியவர்கள். இன்று எங்களில் நர்ஸ் உண்டு, போலீஸ் உண்டு, கம்பெனி ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் உண்டு. நான் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவன். சபைக்குச் செயலாளர். மாதத்தின் முதல் ஞாயிறு, இயேசுவின் நினைவாக அப்பம் பகிரும் திருவிருந்தில் தட்டை வரிசை வரிசையாக எடுத்துப்போகிறவனும் நான்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை எங்களுக்கு நற்செய்தி வாரம். லோடு ஆட்டோ ஒன்றைப் பிடித்து, இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டி, எங்கள் தெருவில் ஆரம்பிப்போம். எங்கள் தெருவில் இருப்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே சபைக்கு வருகிறவர்கள். இருந்தாலும் அங்கேதான் ஒவ்வொரு முனையிலும் நின்று, பாட்டுப் பாடி, பிரசங்கம் பண்ணுவோம். ரோட்டைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் டிரைவருக்கு எங்கிருந்துதான் அவசரம் வருமோ தெரியாது. கைப்பிரதிகளை கேட்டுக்கு மேலே உள்ளே வீசிக்கொண்டே போவோம். ஒருத்தர் கீழே இறங்கியதில்லை. சாயங்காலம் அறிக்கைப் படிவத்தில் 'சந்தித்த வீடுகள்' என்ற கட்டத்தில் அந்தத் தெரு முழுவதையும் எழுதுவேன். சந்தித்தோமாம்! நாய்கள்தான் எங்களைச் சந்தித்தன. அந்தக் கட்டத்தைக் கூசாமல் நிரப்பியதை இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பல வருஷம் வளைகுடா நாடு ஒன்றில் வீட்டு வேலை செய்தாள். மகளைக் கட்டிக்கொடுத்ததும், போதும் என்று ஊருக்கு வந்துவிட்டாள். அங்கே சபை, ஆராதனை என்று எதற்கும் போக அவளுக்கு வழியில்லை. வார விடுமுறையில் இரண்டு மணி நேரம் வெளியே விடுவார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் நாலு பேர் தங்கியிருந்த ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் வராமல் ஜெபம் பண்ணுவார்களாம். கடையில் வாங்கின ரொட்டியைப் பிட்டுப் பகிர்ந்துகொள்வார்களாம்.

"அங்க மைக்கா வெக்க முடியும் சார்? பேப்பர் குடுத்தா பிளேன் ஏத்திடுவான்" என்றாள் என்னிடம். "அதனால ஒரு பொண்ணுக்கு ஜொரம்னா அவ வேலைய இன்னொருத்தி போய் செஞ்சுட்டு வருவா. பக்கத்து பில்டிங்ல ஒரு முஸ்லிம் பொண்ணு, கைய சுட்டுக்கினா. ஒரு மாசம் அவ தலைய வாரி வுட்டது எங்க பிலிப்பைன்ஸ்காரிதான். அவளா ஒரு நாள் கேட்டா, நீ ஏன் எனக்கு இதெல்லாம் செய்யறேன்னு. கேட்டப்புறந்தான் இவ இயேசு பேர சொன்னா. கேக்கறதுக்கு முன்னால சொல்லக் கூடாதுன்னு அவுங்களுக்குள்ள ஒரு பழக்கம் சார்."

"ஊருக்கு வந்தது எதுக்கும்மா, அங்கயே நல்லாத்தான இருந்த?" என்று கேட்டேன்.

"நம்ம சபையில, நம்ம ஜனத்தோட, கதவ தொறந்து வெச்சுக்கினு அப்பம் எடுக்கணும் சார். அத நெனச்சு நெனச்சுதான் அங்க நாள ஓட்டினேன்."

அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதைத்தான் நாங்கள் அவளிடமிருந்து பிடுங்கினோம்.

வந்த சில மாதங்களில் அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு அம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். நல்ல நிலபுலன் உள்ள வீடு. மகன் பிரான்ஸில். வீட்டுக்காரருக்கே தள்ளாமை. இவள் ஒரு நாள் போய் எட்டிப் பார்த்தாள். மறுநாளும் போனாள். கூலிக்கு இல்லை. கூலி பேசிய அன்றே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாவின் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, நகம் வெட்டி, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போட்டு, கூட உட்கார்ந்து டிவி சீரியல் பார்த்துவிட்டு வருவாள். அந்த வீட்டில் எங்கள் ஆட்கள் பின்பக்கத்து வழியைத் தாண்டி உள்ளே போனதில்லை. இவள் சமையல்கட்டு வரைக்கும் போய் வந்தாள். எங்கள் ஸ்பீக்கர் வண்டி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசற்படியைக்கூடத் தொட்டதில்லை.

பிறகு அந்த வீட்டுக்காரர் இறந்துபோனார். அந்த அம்மாவுக்கு சோறே இறங்கவில்லை. சொந்தக்காரர்கள் கொண்டுவந்ததையெல்லாம் தள்ளிவிட்டார். இவள் ரசம் வைத்துக் கரைத்துக் கொடுத்தால் நாலு வாய் குடிப்பார். இவள் எப்படி அடுப்படிக்குப் போகலாம் என்று உறவுக்காரப் பெண்கள் முணுமுணுத்தபோது, "அவ வெச்சாதான் எனக்கு எறங்கும். புடிக்காதவ எழுந்து போங்கடி" என்று படுக்கையில் இருந்தபடியே கத்தினாராம். கருமாதி அன்று படையல் போட்டு எடுத்ததும், இவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்து, இலை போட்டு சாப்பிடச் சொன்னார். இவள் சாப்பிட்டாள்.

அந்த வீட்டுக்குப் பந்தல் லைட் கட்டப் போயிருந்தவர் எங்கள் சபைக்காரர். அவர் வாய் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் போதகர் காதுக்கு எட்டிவிட்டது. கமிட்டி கூடியது. ஏழு ஆம்பிளைகள் நாற்காலியில், அவள் நின்றுகொண்டு. இப்போது நினைத்தால், ஒருத்தராவது அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

"சிஸ்டர், விக்கிரகத்துக்கும் செத்தவங்களுக்கும் படைச்ச வடைய நீங்க தின்னீங்களா?" போதகர் கேட்டார்.

"தின்னேன் ஐயா. ரெண்டு."

"ஏன் வேணாம்னு சொல்லல?"

"பதினாறு நாளா நான் குடுத்தத அந்த அம்மா சாப்பிட்டாங்க ஐயா. அவுங்க குடுத்தத நான் எப்புடி தள்றது?"

இப்படிக் கேட்டால் கமிட்டி என்ன செய்யும்? தீர்மானம் போடும். ஆறு மாதம் திருவிருந்தில் பங்கு இல்லை, அதற்குள் மனந்திரும்பியதாகச் சபைக்கு முன்னால் அறிக்கை செய்ய வேண்டும் என்று போட்டார்கள். நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது, "ரெண்டு வடைக்கா ஆறு மாசம்?" என்று கேட்டாள். சபை ஒழுங்கு உனக்குப் புரியாது என்று அவளையும் அடக்கிவிட்டேன்.

அதே சமயத்தில்தான் வெளிநாட்டு விசுவாசி ஒருவர் எங்கள் சபைக்கு வருகிறார் என்று ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். 'அன்றாட வாழ்வில் நற்செய்தி' என்று ஒரு நாள் கருத்தரங்கு. மதியம் பிரியாணி. வந்தவர் போதகர்கூட இல்லை, பைப் ரிப்பேர் செய்கிறவர். கிறிஸ்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருக்கிற நாடு. பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் இங்கிலீஷில் பேசப் பேச நான் தமிழில் சொன்னேன்.

அவள் எங்கே இருந்தாள்? சபைக்குப் பின்னால், கொட்டகையில். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பம் எடுக்கத் தகுதியில்லை என்று நாங்கள் எழுதிக்கொடுத்தவளுக்கு, எங்கள் பிரியாணிக்கு வெங்காயம் உரிக்க மட்டும் தகுதி இருந்தது. அதற்கு எந்தக் கமிட்டியும் கூடவில்லை.

அந்த மனிதர் சுற்றி வளைக்கவில்லை. தன் நாட்டில் கூட்டம் போட முடியாது, புத்தகம் கொடுக்க முடியாது என்று ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரனுக்கு உதவி செய்வது சுலபம், அவனிடமிருந்து உதவி வாங்குவதுதான் கஷ்டம், முதலில் அதைக் கற்றுக்கொண்டோம் என்றார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்து அவர் சொன்னது இது.

"அவர்கள் வீட்டுக்குப் போங்கள். துக்க வீடாக இருந்தால் கட்டாயம் போங்கள். அவர்கள் போடுகிற சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்."

இரண்டாவது தடவை கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். சொன்னதும் முன்வரிசையில் இருந்து "ஆமென்!" என்று ஒரு சத்தம். போதகர். கமிட்டிக்காரர்கள் அத்தனை பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருத்தர் அடிக்கோடுகூடப் போட்டார், என் கண்ணால் பார்த்தேன். நோட்டில் எழுதாமலே அதைச் செய்துமுடித்தவள் கொட்டகையில், கண்ணில் வெங்காயத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஸ்பீக்கர் கேட்டிருக்கும்.

கடைசியில் அவர் கேட்டார்: "உங்கள் சபையில் இப்படி வாழ்கிறவர் யாராவது இருக்கிறார்களா? நான் அவரைப் பார்க்க வேண்டும்."

போதகர் எழுந்து, "நாங்க இனிமேதான் கத்துக்கணும். எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியும். வாயும் இருந்தது. இருக்கிறாள், கொட்டகையில் இருக்கிறாள் என்று சொல்ல மூன்று வினாடி போதும். நான் போதகர் சொன்னதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு உட்கார்ந்தேன். ஃபாரின்காரர் சொன்னால் வேதம், நம் தெருப் பெண் செய்தால் குற்றம். அவளும் அந்தப் பாடத்தை வெளிநாட்டில்தான் படித்தாள். கோட்டு போட்டு வராமல் துடைப்பம் பிடித்துவிட்டு வந்தாள், அதனால்தான் அவள் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. எங்கள் தெருவுக்குள் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை நீ எங்கடி போற, என்னையும் கூட்டினு போ என்று அவராகவே கேட்டிருக்கிறார். இவளால் மறுக்க முடியவில்லை. போதகர் மேடையை விட்டே இறங்கி ஓடினார். முன்னால் ஃபேனுக்குக் கீழே நாற்காலி போடச் சொன்னார். "எனக்கு எதுக்கு? நான் இவ பக்கத்துலயே உக்காந்துக்கறேன்" என்று அந்த அம்மா கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார்.

பாட்டு, பிரசங்கம் முடிந்து திருவிருந்து. நான் தட்டை எடுத்தேன். ஒவ்வொரு வரிசையாக வந்து கடைசி பெஞ்சுக்கு வந்தேன். ஞானஸ்நானம் எடுக்காதவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று இவள் முன்னமே சொல்லிவைத்திருக்கிறாள் போல, அந்த அம்மா தனக்கென்று கை நீட்டவில்லை. பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தவர் எடுத்தார். இவளைத் தாண்டி அடுத்தவரிடம் தட்டை நீட்டினேன்.

"இன்னா வாத்தியாரே, இவள வுட்டுட்டியே?" அந்த அம்மா சத்தமாகவே கேட்டார். அவர் மகனுக்கு நான்தான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன்.

"வூட்டுக்குப் போய் சொல்றேம்மா" என்று இவள் அவர் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. இவ உங்க ஆளுதான? ஏன் தரல? நீ சொல்லு வாத்தியாரே."

சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "உங்க வூட்ல சாப்புட்டதுக்கும்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் சிவந்தது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தின்றால் தீட்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தத் தெருவிலிருந்து வந்த ஒருத்தர், எங்கள் தெருவில் நின்று, என்னிடம் அந்த வார்த்தையைக் கேட்டார்! எங்கள் பாட்டன்மார் எத்தனை பேர் மனதுக்குள் கேட்டுக்கேட்டு அடக்கிக்கொண்ட கேள்வி அது. அதை அவர் வாயில் வரவழைத்த பெருமை எங்கள் சபைக்குத்தான்.

"எழுந்துருடி. வா, நம்ம வூட்டுக்குப் போவலாம். சோறு இருக்குது" என்றார். வாக்கர் தரையில் தட்டுகிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. இவள் அவரைத் தாங்கிக்கொண்டு போனாள். போகும்போது ஒருமுறை என் கையில் இருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வாரமே போதகர் என் வீட்டுக்கு வந்தார். கருத்தரங்கு நடத்திய அந்த வெளிநாட்டுக்காரருக்கு, அதனால் விளைந்த பலன் என்ன என்று ஓர் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். "புறமதத்துப் பெரிய குடும்பத்து அம்மா ஒருத்தங்க ஆராதனைக்கு வந்தாங்கன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க சார்" என்றார். நான் எழுதினேன். வந்தார் என்று எழுதினேன். யாரோடு வந்தார், ஏன் வந்தார், எதைப் பார்த்தார், யாரைக் கூட்டிக்கொண்டு போனார் என்பதையும் எழுதினேன். நீங்கள் பார்க்கக் கேட்ட ஆள் அன்று கொட்டகையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள் என்றும் எழுதினேன். போதகருக்குக் காட்டாமல் நானே அனுப்பிவிட்டேன். தெரிந்ததும் அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். செயலாளர் பதவியையும் எடுத்துவிட்டார்கள். தீர்மானம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அவள் சபைக்கு வருவதை விடவில்லை. அடுத்த முதல் ஞாயிறு நான் கடைசி பெஞ்சில் அவளுக்கு இந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். வேறொருவர் தட்டை எடுத்துக்கொண்டு வந்தார். என்னிடம் நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினேன். தட்டு எங்கள் இருவரையும் தாண்டிப் போயிற்று.

அவள் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "நீங்க எடுத்துக்க வேண்டியதுதான சார். உங்க மேல இன்னா தப்பு?"

அந்தத் தீர்மானத்தின் கீழே இருப்பது என் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியும். அன்று அதைப் படித்துக் காட்டியவனே நான்தான்.